ருக்கையா கட்டிய நாலு நரம்பு

பஹ்ரைன்ல குதைபியாவுக்கு வந்து கௌஸ் முகம்மது கடை எங்கன்னு கேட்டீங்கன்னா ஒருத்தனும் சொல்லமாட்டான். தூண்டில் கடை எங்கன்னு கேளுங்க, டீக்கடை மலையாளி பாதி ரோடு கூடவே வந்து காட்டிட்டுப் போவான். போர்டுல பேரு என்னுது, லைசென்ஸ் எனக்கு விசா கொடுத்த அரபி, கஃபீலுது. ஆனா கடையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது என் பொண்டாட்டி ருக்கையாவோட விரல். முன்னாடி இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப இல்லை.

நாங்க கீழக்கரை. அவ வாப்பா கடற்கரையில தூண்டில் முள்ளும் தங்கூசியும் வித்தவர். தங்கூசின்னா நைலான் நரம்புதான், எங்க கரையில அதுக்கு அதான் பேரு. எட்டு வயசுல இவ முள்ளு கட்ட உட்கார்ந்தவ. இடது கைக்காரி. சாப்பிடுறது வலது கையில, முடிச்சுப் போடுறது இடது கையில. கல்யாணம் முடிஞ்சு பஹ்ரைனுக்குக் கூட்டிட்டு வந்தப்ப, வீட்டுல சும்மா இருன்னுதான் சொன்னேன். மூணாவது மாசமே கடையில பின்னாடி பாயை விரிச்சு உட்கார்ந்துட்டா. ஒரு தடவை மீன் பிடிக்கப் போற அரபிப் பையங்க அவ கண்ணைக் கட்டச் சொல்லி ஆறு சுருளைக் கையில கொடுத்தானுங்க. எது எத்தனை தடிமன்னு ஆறையும் சரியாச் சொன்னா. அன்னையிலேர்ந்து வர்றவனெல்லாம் என்கிட்ட சலாம் மட்டும் சொல்லிட்டு நேரா அவகிட்டத்தான் போறான். எனக்கு எரிச்சலா வரும். கடை முதலாளி நான்தானப்பா.

ரெண்டாயிரத்து ஒண்ணு, அக்டோபர் மாசம். சாயங்காலம் ஒரு வெள்ளைக்கார அம்மா கடைக்குள்ள வந்தாக. ஐம்பது வயசு இருக்கும், ஒல்லியா, உசரமா, கையில ஒரு துண்டு நரம்பைப் பிடிச்சுக்கிட்டு. நான் மரியாதையா, மேடம் இங்கிலாந்தான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டு வந்த முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. "இல்லை. வேல்ஸ்" அப்படின்னாக. கீழக்கரைக்காரனைப் பார்த்து நீ காயல்பட்டினமான்னு கேட்டா எங்களுக்கு எப்படி இருக்கும், அதே மாதிரிதான். ரெண்டும் நல்ல ஊருதான், ஆனா அப்படிக் கேட்கக் கூடாது.

பேரு நெரிஸ். இங்க ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஆட்டுக் குடல்ல திரிச்ச நரம்பு இருக்கான்னு கேட்டாக. குடல் வேணும்னா கசாப்புக் கடைக்குப் போங்கன்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். எதுக்குன்னு விசாரிச்சேன். ஹார்ப் வாசிக்கிறாகளாம். தமிழ்ல அதுக்கு யாழ்னு பேரு, ஆறாம் வகுப்புப் புத்தகத்துல படம் போட்டிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன் எனக்கு நாலு பேரைத் தெரியும், யாழை ஒருத்தனும் பார்த்ததில்லை. குடல் இல்லை மேடம், நைலான்தான் இருக்குன்னேன். நைலான் என் ஹார்ப்புல ஏறாதுன்னு சொல்லிட்டு திரும்புனாக.

அப்பப் பார்த்து ருக்கையா பாயிலேர்ந்து எழுந்திரிச்சு வந்தா. கேட்கவும் இல்லை ஒண்ணும் இல்லை, அந்தம்மா கையிலிருந்த துண்டை வாங்கி விரலுக்கு நடுவுல உருட்டுனா. நுனியைப் பார்த்தா.

"மச்சான், நரம்பு தானா அறல. இவுக போட்ட முடிச்சு அறுத்திருக்கு. இறுக்க இறுக்க முடிச்சு தன் கழுத்தைத் தானே வெட்டும். இப்படிப் போடச் சொல்லுங்க."

சொல்லிக்கிட்டே அந்தத் துண்டுலயே இடது கையால ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுனா. நாங்க பெரிய முள்ளு கட்டுறப்ப போடுற முடிச்சு, ஹமூர் மீன் எவ்வளவு இழுத்தாலும் வெட்டாது. அந்தம்மா அதை வெளிச்சத்துக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தாக. மூணு நாள் கழிச்சுத் திரும்ப வந்தாக. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் இப்படிக் கட்டிக் கொடுக்க முடியுமான்னு கேட்டாக.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் வண்டி ஓட்டுறவனா ஆனேன். புதைய்யா ரோட்டுல அவுக வில்லா. இவளுக்கு இங்கிலீஷ் வராது, அந்தம்மாவுக்குத் தமிழ் வராது, நடுவுல நான் துபாஷி. கடையை அடைச்சுட்டு வேற போகணும். வாயைக் கொடுத்து மாட்டிக்கிறதுன்னு இதைத்தான் சொல்றது, அதுவும் என் வாய் கூட இல்லை.

ஹார்ப்பை முதல் நாள் பார்த்தப்ப நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். என் உசரத்துக்கு மேல இருந்துச்சு. நான் நினைச்சது ஒரு வரிசை நரம்பு. அதுல மூணு வரிசை, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா, மொத்தம் தொண்ணூத்தி அஞ்சு. இடது வரிசையும் வலது வரிசையும் ஒரே சத்தம், அச்சு அசல் ரெட்டைப் பிள்ளைங்க. நடு வரிசையில மட்டும் இடைச் சத்தங்கள். நடுவுல இருக்கிறதை மீட்டணும்னா ஓர வரிசைக்குள்ள விரலை நுழைக்கணும். இது வேல்ஸ்காரங்களோட ஹார்ப்பாம். அதைச் சாய்ச்சு இடது தோள்ல வச்சு, இடது கையால மேல்சத்தம், வலது கையால கீழ்சத்தம் வாசிப்பாக. உலகத்துல மத்தவங்களெல்லாம் வலது தோள்ல வச்சுத்தான் வாசிப்பாகளாம். இதை நான் சொன்னதும் ருக்கையாவுக்குப் பிடிச்சுப் போச்சு.

"பார்த்தீகளா, இடது கைக்கும் ஒரு ஊரு இருக்கு" அப்படின்னா.

இசை தெரியாத இவ எப்படிச் சுருதி சேர்க்குறான்னு கேட்பீங்க. அதான் ரெட்டை இருக்கே. இடதுல ஒண்ணு சரியா நின்னா, வலதுல இருக்கிற ஜோடியை அதுக்குச் சமமா முறுக்கணும், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணா நடுங்குறதை விரல் வச்சுப் பார்ப்பா. கேட்கிறதை விட தொட்டுத்தான் அதிகம் கண்டுபிடிச்சான்னு நினைக்கிறேன்.

நெரிஸ் அம்மா பேச்சுக்காரி. ஒரு நாள் டீ குடிக்கிறப்ப சொன்னாக, அவுக ஊருல ஒரு காலத்துல பாதிரிமாருங்க ஹார்ப்பு சைத்தானோடதுன்னு பிரசங்கம் பண்ணி, ஜனங்க பயந்து அதைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சாகளாம். நான் தமிழ்ல சொன்னேன். ருக்கையா டீயை ஊதிக்கிட்டே, "நம்மள்லயும் இசையைப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாக. நான் கட்டித்தானே கொடுக்குறேன்" அப்படின்னா. நான் அதை மொழிபெயர்க்கல. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா. நான் சுருக்கித்தான் சொல்லுவேன், கொஞ்சம் வெல்லம் தடவியும் சொல்லுவேன். யாவாரி புத்தி.

ஜனவரியில அந்தம்மா முகம் வாடிப் போயிருந்துச்சு. முடிச்சு இப்ப அறுக்கல, ஆனா ஊரு அறுத்துக்கிட்டு இருந்துச்சு. குடல் நரம்பு ஈரம் பட்டா தானா இறுகும், ஏசி காத்துல காயும். பஹ்ரைன்ல கதவைத் திறந்தா ஈரம், மூடுனா ஏசி. வாரத்துக்கு ரெண்டு மூணு வெடிக்கும். கையில வச்சிருந்த நரம்புக் கட்டும் கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அன்னைக்கு அவுக விஷயத்தைச் சொன்னாக.

மார்ச் ஒண்ணாந்தேதி அவுக நாட்டு மகானோட நாள். இங்க இருக்கிற வேல்ஸ்காரங்க எல்லாரும் ஜுஃபைர் பக்கம் ஒரு கிளப்புல கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுவாக. ரெண்டு வருசமா அதுல இந்த ஹார்ப்பை வாசிக்க உட்கார்ந்து, ரெண்டு வருசமும் பாதியில நரம்பு வெடிச்சு, கேசட்டைப் போட்டுச் சமாளிச்சிருக்காக. இது மூணாவது தடவை.

"இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவேன். மார்ச் மூணு ஞாயித்துக்கிழமைக்குக் கப்பல் கம்பெனிக்காரன்கிட்ட பெட்டி சொல்லி வச்சுட்டேன். இந்த மண்ணுல இது சாகுது, நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது." அப்புறம், "இது போயிட்டா நான் இங்க வெறும் கணக்கு டீச்சர்" அப்படின்னாக. எனக்கே என்னமோ மாதிரி ஆயிருச்சு.

ருக்கையா, "ஒண்ணாந்தேதி ஹார்ப்பு நிக்கும்னு சொல்லுங்க" அப்படின்னா.

நான், "முயற்சி பண்றேங்கிறா மேடம்" அப்படின்னேன்.

ருக்கையா என்னை ஒரு பார்வை பார்த்தா. அப்ப எனக்கு அது புரியல.

மார்ச் ஒண்ணு வெள்ளிக்கிழமையில வந்துச்சு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு ஒரு வாரம். வியாழக்கிழமையே ஹார்ப்பை கிளப் ஹாலுக்குக் கொண்டு போய் வச்சாச்சு. வெள்ளிக்கிழமை காலையில நெரிஸ் அம்மா ஏர்போர்ட் போகணும். எம்ரிஸ்னு ஒரு பாட்டுக்காரர், துபாய்ல இஞ்சினியர், பாடுறதுக்காக வர்றார். அதனால ஹார்ப்புக்குக் காவல் ருக்கையா. எட்டு மணிக்கு அவளை இறக்கி விட்டுட்டு நான் கடைக்கு வந்துட்டேன்.

ஒன்பதரைக்குத் திரும்பிப் போறேன், இவ ஸ்டூல்ல உட்கார்ந்து முறுக்குற சாவியை மடியில வச்சுக்கிட்டு ஜெயிச்சவ மாதிரி சிரிக்கிறா. ராத்திரி மழை பெஞ்சிருக்கு. ஹாலைக் கூட்டுனவங்க ஜன்னலைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்காங்க. காலையில எவனோ ஏசியையும் போட்டுட்டான். இடது வரிசையில மேல் பக்கம், நாலு நரம்பு வெடிச்சுத் தொங்கியிருக்கு. கையில குடல் நரம்பு ஒண்ணு கூட மிச்சமில்லை.

"அப்புறம் என்ன செஞ்ச?"

"வலது வரிசையில அதே நாலு இருக்குல்ல. கழட்டி இங்க மாட்டிட்டேன். அந்த மேல் நாலையும் அவுக தொட்டு நான் பார்த்ததே இல்லை மச்சான், அஞ்சு மாசமாப் பார்க்குறேன். மேல்சத்தத்துக்கு இடது கைதானே. வலது பக்கம் இருக்கிறது ஆத்திர அவசரத்துக்குன்னு வச்சிருக்கிறது."

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. எங்க கரையில ஒரு நரம்போட எவனும் வள்ளத்துல ஏறமாட்டான். கையில ஒண்ணு, கூடையில ஒண்ணு. ஒரே அளவு ரெண்டு இருந்தா ஒண்ணு மாத்துதான், இதுல என்ன சந்தேகம். பேஷ், கெட்டிக்காரின்னு நானும் சொன்னேன்.

சொல்லி வாயை மூடல, அவ சிரிப்பு நின்னு போச்சு. மாட்டின நரம்பு ஒண்ணை மேலயிருந்து கீழ வரைக்கும் விரலால தடவிக்கிட்டு இருந்தா. நடுவுல ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. அடுத்ததைத் தடவுனா, அதுலயும் அதே இடம். நாலுலயும் பார்த்தா.

"மச்சான், இது தேஞ்சிருக்கு."

"எது?"

"விரல் படுற இடத்துல பிசிறு கிளம்பியிருக்கு. சும்மா கிடக்குற நரம்பு இப்படித் தேயாது. இதை அவுக வாசிக்கிறாக. நல்லாவே வாசிக்கிறாக. நான் இருக்குறப்ப வாசிக்கல, அவ்வளவுதான்."

இன்னும் நாலு மணி நேரம் கூட இல்லை சாப்பாட்டுக்கு. நான் மளமளன்னு யோசிச்சேன். இந்தா பாரு, வாயைத் திறக்காத, மழையில வலது பக்கம் வெடிச்சுப் போச்சுன்னு சொல்லிடுவோம், யாருக்குத் தெரியப் போகுதுன்னேன்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா? அவுக விரலுக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து என் மொபைல் அடிச்சுச்சு. ஏர்போர்ட்லேர்ந்து அந்தம்மா. எல்லாம் நல்லா இருக்கான்னு கேட்டாக. என் வாய் என்னைக் கேட்காமலே, "எல்லாம் ஓகே மேடம், நோ ப்ராப்ளம்" அப்படின்னு சொல்லிருச்சு.

ருக்கையா என் கையிலேர்ந்து போனைப் பிடுங்குனா.

"மேடம், நாட் ஓகே. ஃபோர் ஸ்ட்ரிங் கட். ஐ டேக் ரைட் சைட் ஃபோர், புட் லெஃப்ட் சைட். மை மிஸ்டேக். மை ஹஸ்பண்ட் டெல் லை. சாரி."

நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன். பத்து வருசம் இவகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். இவளுக்கு எஸ், நோவைத் தாண்டி ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். அப்ப அஞ்சு மாசமா நான் வெல்லம் தடவுனதெல்லாம் இவ கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. அந்தப் பார்வை அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

போன் என் கைக்குத் திரும்ப வந்துச்சு. அந்தம்மா திட்டல. திட்டியிருந்தா தேவலை. சத்தமே இல்லாத குரல்ல விளக்குனாக. அந்த வலது மேல் நரம்பு எல்லாப் பாட்டுக்கும் வேணாமாம். ஆனா எம்ரிஸ் பாட்டுக்கு ஹார்ப்புல வாசிக்கிற மெட்டுக்கு வேணும். அதுல இடது கை சொல்றதை வலது கை பக்கத்து வரிசையில திருப்பிச் சொல்லுமாம், மலைக்கு மலை எதிரொலி கேட்கிற மாதிரி. அதுக்குத்தான் அவுக ஊருல ரெட்டை வரிசையே வச்சான். எம்ரிஸ் மூணு மாசமா வார்த்தைக்கு வார்த்தை அந்த மெட்டுக்குத்தான் பொருத்தி வச்சிருக்கார், ஹார்ப்பு வேற மெட்டு வாசிச்சா அவரால பாட முடியாது. "அப்ப கலாஸ், முடிஞ்சு போச்சு. பெட்டி சொல்லி வச்சது நல்லதாப் போச்சு" அப்படின்னாக.

நான் சொன்னதைக் கேட்டுட்டு ருக்கையா, "தங்கூசி போடட்டுமான்னு கேளுங்க" அப்படின்னா.

"நைலான் ஏறாதுன்னு முதல் நாளே சொன்னாகளே புள்ள."

"அதான் கேட்கச் சொல்றேன். கேட்காமப் போடமாட்டேன்."

கேட்டேன். நைலான் நிக்காது, கட்டக் கட்ட இறங்கிக்கிட்டே இருக்கும்னாக. ருக்கையா போன் பக்கம் குனிஞ்சு, "இறங்கும். முதல்லயே இழுத்து இறக்கிட்டுத்தான் கட்டுவேன்னு சொல்லுங்க. வாசிக்கணுமா வேணாமான்னு மட்டும் அவுக சொல்லட்டும்" அப்படின்னா. இந்த வாட்டி நான் வெல்லம் தடவல. அப்படியே சொன்னேன். செய்யச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, போன் கட் ஆயிருச்சு.

கடைக்குப் பறந்தேன். அவ சொன்ன நாலு சுருளு, அஞ்சு கிலோ ஈயக்குண்டு நாலு. குடலை விட ஒரு நூல் தடிச்சதா இருக்கணும்னு சொல்லியிருந்தா, நான் எடுத்துட்டுப் போனதுல ஒண்ணைத் தொட்டுப் பார்த்துட்டு இது இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டா. அவசரத்துக்கு அண்டாவுலயும் கை நுழையாதும்பாங்க. ரெண்டாவது தடவை போறப்ப குதைபியா சிக்னல்ல ஹாரனை அடிச்சு அடிச்சு ஒரு அரபிகிட்ட ஏச்சு வாங்குனேன்.

எங்க கரையில புது நரம்பை அப்படியே கடல்ல விடமாட்டோம். சுருள்ல கிடந்த பழக்கம் அதுக்குப் போகாது, மீன் தொடுறது கைக்குத் தெரியாது. கட்டித் தொங்க விட்டு, எடை போட்டு, சுடுதண்ணி ஊத்தி இழுக்க விடணும். ருக்கையா கிளப் சமையக்கட்டுக்குப் பின்னாடி இருந்த இரும்பு மாடிப்படியில நாலு நரம்பையும் கட்டி ஈயக்குண்டைத் தொங்க விட்டா. சமையக்காரர் சோலைமுத்து, சிவகங்கைப் பக்கம், சூப்புக்குக் கொதிக்க வச்ச தண்ணியைக் கேள்வி கேட்காம ஒரு தேக்சா நிறைய தூக்கிட்டு வந்தார். அவ மேல் படியில நின்னு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா. கீழே நின்னு அளந்தவன் நான். ஒரு சாண் நீண்டுச்சு. காத்திருந்தா. மறுபடி ஊத்துனா, நாலு விரக்கடை நீண்டுச்சு. அதுக்கப்புறம் ஊத்துனதுக்கு அசையல.

"இப்ப கட்டலாம். நீங்க ஜும்ஆவுக்குப் போங்க" அப்படின்னா.

போனேன். தொழுதேன். நாலு நரம்புக்காக துஆ கேட்டவன் அன்னைக்குப் பள்ளிவாசல்ல நான் ஒருத்தனாத்தான் இருந்திருப்பேன். சிரிக்காதீங்க, மனசாரத்தான் கேட்டேன். ஹார்ப்பு நிக்குமோ நிக்காதோ, என் பொண்டாட்டி அத்தனை பேருக்கு முன்னாடி தலை குனியக் கூடாதுன்னு கேட்டேன்.

திரும்பி வந்தப்ப நெரிஸ் அம்மா வந்திருந்தாக. ருக்கையா பக்கம் திரும்பாம நேரா ஹார்ப்புகிட்ட போனாக. ஹார்ப்புல மத்ததெல்லாம் மஞ்சளா இருக்க, நாலு மட்டும் கண்ணாடியா மின்னுச்சு. ஒவ்வொண்ணா மீட்டுனாக. முகத்துல ஒண்ணும் தெரியல. ருக்கையா, "டென் மினிட் குட். ஆஃப்டர், டவுன். ஐ டைட்" அப்படின்னா. அந்தம்மா தலையை மட்டும் ஆட்டுனாக. அவுக வழக்கம் எனக்குத் தெரியும். ஜனங்க முன்னாடி உட்கார்ந்துட்டா ஹார்ப்பு மேல அவுக கையைத் தவிர வேற கை படக் கூடாது. எங்ககிட்டயே சொல்லியிருக்காக.

ஒண்ணரை மணிக்கு எண்பது பேரு. எல்லார் சட்டையிலயும் ஒரு மஞ்சப் பூ. ஆட்டுக்கறி சூப்பு, ரொட்டி. அது முடிஞ்சு அந்தம்மா உட்கார்ந்து ஹார்ப்பை இடது தோள்ல சாய்ச்சாக. முதல்ல சின்னச் சின்னதா மூணு மெட்டு, கைதட்டல். நானும் ருக்கையாவும் சமையக்கட்டுக் கதவு ஓரமா நின்னோம். அவ கண்ணு நரம்புல, ஒரு கை என் சட்டை முழங்கையில. அவ அப்படிப் பிடிச்சிருக்கிறது அவளுக்கே தெரியல.

எம்ரிஸ் எழுந்து நின்னார். பெரிய மனுசர், மீசை இல்லாத சிவந்த மூஞ்சி. அந்தம்மா வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வலது கையால அந்த நாலையும் மெல்லத் தொட்டாக. எனக்கே கேட்டுச்சு, ரெட்டை ரெட்டையா இல்லை, பிசகியிருந்துச்சு.

"இறங்கிருச்சு" அப்படின்னா ருக்கையா.

அந்தம்மா சாவியைக் கையில எடுத்தாக. எடுத்துட்டு, முறுக்கல. நைலானை எவ்வளவு முறுக்கணும்னு அவுகளுக்குப் பிடிபடல போல. முதல் மேசையில யாரோ ஒரு ஆளு பக்கத்து ஆளு காதுல என்னமோ சொல்லிச் சிரிச்சான், போன ரெண்டு வருசம் மாதிரித்தான்னு நினைச்சிருப்பான். அவனைப் போய் ஒரு அறை விடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

"ருக்கையா" அப்படின்னு கூப்பிட்டாக நெரிஸ் அம்மா. சமையக்கட்டுக் கதவைப் பார்த்து, சத்தமா.

இவ போனா. கறுப்பு அபாயா, சுடுதண்ணியில நனைஞ்ச கை ஓரம் இன்னும் காயல. எண்பது பேருக்கு நடுவுல, மேசைங்களுக்கு இடையில நடந்து போய், நீட்டுன சாவியை இடது கையில வாங்குனா. ஹால்ல ஒரு ஸ்பூன் சத்தம் இல்லை. முதல் நரம்பை ஜோடியோட சேர்த்து மீட்டுனா, முறுக்குனா, விரலை வச்சுப் பார்த்தா. அவசரப்படல. ரெண்டாவது, மூணாவது. நாலாவதுல கொஞ்சம் கூட முறுக்கி, திரும்ப இறக்கி, சரி பண்ணுனா. சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு என் பக்கம் வந்து நின்னா. எனக்குத்தான் முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டிருச்சு.

அப்புறம் வாசிச்சாக. ஹார்ப்பு மட்டும் முதல்ல ஒரு சுத்து போச்சு, எம்ரிஸ் சும்மா நிக்கிறார். இந்த மனுசன் மறந்துட்டாரான்னு நான் பயந்தேன். அது அவுக ஊரு முறையாம், முன்னமே சொல்லியிருந்தாக, அந்த நேரத்துல எனக்கு எங்க ஞாபகம் வருது. ஹார்ப்பு ஒரு மெட்டு போட்டுக்கிட்டுப் போகும், பாடுறவர் பின்னாடி வந்து வேற மெட்டுல சேருவார், ஆனா ரெண்டும் ஒரே இடத்துல போய் முடியணும். அவர் பாதியில வந்து ஏறுனார். பாட்டு ஒரு பக்கம் போகுது, நரம்பு ஒரு பக்கம் போகுது, ஒண்ணை ஒண்ணு இடிக்கல. இடது கை ஒண்ணு சொல்லுச்சு, வலது கை அந்தக் கண்ணாடி நரம்புல அதையே திருப்பிச் சொல்லுச்சு. எனக்கு இசை தெரியாது. ஆனா அந்த நாலு நரம்பு பேசுன ஒவ்வொரு தடவையும் என் மனசு அப்படிப் பூரிச்சுப் போச்சு. கடைசிச் சொல்லும் கடைசி நரம்பும் ஒண்ணா நின்னுச்சு.

ஜனங்க எழுந்து நின்னு தட்டுனாங்க. காதுல பேசிச் சிரிச்சவனும் தட்டுனான். சிவந்த மூஞ்சி எம்ரிஸ் வந்து அந்த லேடி யாருன்னு என்கிட்ட கேட்டார். என் ஒய்ஃப், தூண்டில் கடைன்னேன். வேற எப்படிச் சொல்றது.

ருக்கையா கைதட்டலைக் கவனிக்கல. மறுபடி ஹார்ப்புகிட்ட போய் நாலையும் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தா. "மேடம், அகைன் டவுன் கம். டியூஸ்டே ஐ கம் ஹவுஸ்" அப்படின்னா.

"ஞாயித்துக்கிழமை பெட்டி..." அந்தம்மா பாதியில நிறுத்திட்டாக.

ருக்கையா என்னைத் திரும்பிப் பார்த்தா. "மச்சான், இதை எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வராது. மழுப்பாம சொல்லுங்க. ஒண்ணாந்தேதி நிக்கும்னு சொன்னேன், நின்னுச்சு. நான் பண்ணுன தப்பையும் சொன்னேன், சரியும் பண்ணுனேன். இனி எது வெடிச்சாலும் நான் கட்டுறேன். அப்புறம் பெட்டி எதுக்குன்னு கேளுங்க."

ஒரு வார்த்தை விடாம சொன்னேன். நெரிஸ் அம்மா நான் பேசுறப்ப என்னைப் பார்க்கல, அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாக. முடிச்சதும் என் பக்கம் கையை நீட்டுனாக. என்னன்னு புரியாம மொபைலைக் கொடுத்தேன். அங்கேயே நின்னு நம்பரைப் போட்டாக. மறுமுனையில யாரோ எடுத்தான். மூணு வாக்கியம் பேசுனாக, பேரு, தேதி, வேண்டாம். அவ்வளவுதான்.

"பெட்டி வேணாம்னு சொல்லிட்டாக" அப்படின்னேன் ருக்கையாகிட்ட.

"கேட்டுச்சு" அப்படின்னா.

சொல்லிட்டு, வாசிக்கிற ஸ்டூல்ல பொத்துன்னு உட்கார்ந்து, முக்காட்டு நுனியால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதா. காலையில நாலு நரம்பு வெடிச்சப்ப அழாதவ, தப்புத் தெரிஞ்சப்ப அழாதவ. தோளெல்லாம் குலுங்குச்சு. நெரிஸ் அம்மா பக்கத்துல மண்டி போட்டு உட்கார்ந்து, அவுக பாஷையில என்னமோ சொன்னாக, இங்கிலீஷ் கூட இல்லை. இவ தமிழ்ல பதில் சொன்னா. எனக்கு ஒரு பாஷை தெரியும், ஒண்ணு தெரியாது. என்ன சொல்றாகன்னு ரெண்டு பேரும் என்கிட்ட கேட்கல.